குறுக்கே நிற்க மாட்டேன்

சொல்ல வேண்டியதை நேராகச் சொல்லிவிடுவதுதான் ஹெஸ்டர் விட்டாலின் வழக்கம். அன்று மட்டும் அவருக்கு வாய் எழவில்லை. கழுவி வைத்திருந்த சாயத் தூரிகைகளை எடுத்து மறுபடியும் உதறினார். ஜன்னலைத் திறந்தார், மூடினார். கிமியே இனாடோமி ஈரக் கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

“பெத்தவங்கள்ல ஒருத்தங்களுக்கு இதுல சம்மதம் இல்ல, கிமியே,” என்றார் கடைசியில்.

“மத்தவங்க?”

“மத்த எல்லாருக்கும் சம்மதம்தான். ஆனா எங்க வழக்கம் உனக்குத் தெரியுமில்ல.”

தெரியும். ஸிகமோர் ஹவுஸைத் தொடங்கியவர்கள் குவேக்கர்கள். ஒருவரையொருவர் நண்பர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள். அவர்களுக்குப் பாதிரியார் கிடையாது, பட்டம் கிடையாது. கல்லூரித் தலைவியான ஹெஸ்டரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். போர் முடியும் தறுவாயில் பாசடீனாவில் ஒரு பழைய வீட்டை வாங்கி, கீழே சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியும், மாடியில் அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் படிக்கிறவர்களுக்கு ஒரு கல்லூரியும் வைத்தார்கள். காலையில் பிள்ளைகளோடு இருப்பது, மதியம் அந்தப் பிள்ளைகளைப் பற்றிப் படிப்பது. வீட்டை விட்டுவிட்டுப் பிள்ளையை மட்டும் தனியாகப் புரிந்துகொள்ள முடியாது என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் பள்ளி விஷயத்தில் பெற்றோருக்கும் சரிபாதிப் பேச்சு உண்டு. எதை முடிவுசெய்வதானாலும் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, மௌனமாக இருந்து, மனதில் பட்டதை எழுந்து சொல்லி, எல்லார் மனமும் ஒரே பக்கம் சாயும்வரை காத்திருப்பார்கள். கை தூக்கி எண்ணுவது கிடையாது. ஒருவர் முடியாது என்றாலும் காரியம் அங்கேயே நின்றுவிடும். சம்மதம் இல்லாவிட்டாலும் குறுக்கே நிற்கவில்லை என்று அவரே ஒதுங்கிக்கொண்டால்தான் மேலே நகரும்.

நிறுத்தியவள் லொரேன் டகெட். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்க்கிறவள். அவள் கணவன் வெஸ்லி சைபான் தீவில் ஜப்பானியரோடு நடந்த சண்டையில் குண்டடிபட்டு, ஹவாய் ராணுவ மருத்துவமனையில் செத்துப்போனான். மகள் வின்னிக்கு நான்கு வயது நிரம்பவில்லை.

இரண்டாம் வருட மாணவிகளுக்குச் சொந்தமாக ஒரு பிள்ளைக் குழுவைக் கொடுப்பது கல்லூரியின் முறை. கிமியேக்குக் கொடுக்க இருந்த குழுவில் வின்னியும் இருந்தாள்.

“வெறுப்புல சொல்லலன்னு சொன்னாங்க,” என்றார் ஹெஸ்டர். “தினம் காலையில அந்த முகத்துகிட்ட என் பிள்ளைய என்னால நீட்ட முடியாதுன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. பொய்யா எதுவும் சொல்லல.”

“அப்ப நான் என்ன செய்யறது?”

“ஒரு மாசம் பொறுத்து மறுபடி கூடலாம்னு கூட்டத்தை நடத்தற ஏமஸ் சொல்லியிருக்கார். அதுவரைக்கும் காத்திருக்கணும்.”

கிமியே சரியென்று தலையாட்டிவிட்டு, உலர்ந்துபோயிருந்த சாயக் குப்பிகளைக் கழுவ எடுத்துக்கொண்டாள்.

அவளை இந்த இடத்துக்குக் கூப்பிட்டதே ஹெஸ்டர்தான். அரிசோனாப் பாலைவனத்தில், போரின்போது அமெரிக்க அரசாங்கம் ஜப்பானிய வம்சத்தவரை அடைத்துவைத்த ஹீலா ஆற்று முகாமில் கிமியேயும் அவள் அப்பாவும் அடைபட்டிருந்தபோது, ஒரு தகரக் கொட்டகையில் அவள் சின்னப் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொம்மை கிடையாது, புத்தகம் கிடையாது, புழுதி மட்டும் வேண்டிய அளவு இருந்தது. குவேக்கர்கள் பொம்மைப் பெட்டிகளோடு வந்திறங்கிய நாளில் பிள்ளைகள் சாப்பாட்டு வரிசை விளையாடிக்கொண்டிருந்தார்கள். தகரத் தட்டோடு நீளமாக நிற்பது, யாரோ ஒருவன் வெறுங்கரண்டியால் காற்றை அள்ளிப் போடுவது, மறுபடி போய்க் கடைசியில் நிற்பது. வந்தவர்களில் ஒரு பெண்மணிக்குத் தாங்கவில்லை, வேறு ஏதாவது விளையாடச் சொல்லக் கூடாதா என்று கேட்டார். கிமியே ஒரு தட்டை எடுத்துக்கொண்டு பிள்ளைகளுக்குப் பின்னால் போய் வரிசையில் நின்றாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஹெஸ்டர் கிளம்பும்போது, வெளியே வந்ததும் நேராக எங்களிடம் வா என்று சொல்லிவிட்டுப் போனார்.

வந்தாள். இப்போது அப்பாவோடு பழைய ஜப்பானிய மொழிப் பள்ளியின் கூடத்தில், துணித் தடுப்புக்குள் குடித்தனம். முகாமிலிருந்து திரும்பி வந்து வீடு கிடைக்காத குடும்பங்கள் எல்லாம் அங்கேதான் இருந்தன. ஒரு காலத்தில் சொந்தமாக நாற்றுப் பண்ணை வைத்திருந்த கெஞ்சிரோ இனாடோமி இப்போது பிறர் வீட்டுப் புல் வெட்டினார்.

அன்று சாயங்காலம் அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைக்காமல் கேட்டார்.

“காத்திருக்கச் சொன்னாங்களா?”

“ஆமாம்ப்பா. மரியாதையாத்தான் சொன்னாங்க.”

“நம்மள முகாமுக்கு பஸ்ல ஏத்தினாங்களே, அன்னிக்கும் இவங்க ஆளுங்கதான் வந்து எல்லாருக்கும் காபி குடுத்தாங்க. ஞாபகம் இருக்கா? நல்ல காபி,” என்றார் அவர். “பஸ்ஸை நிறுத்தத்தான் அவங்களால முடியல.”

கிமியே சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

அந்த மாதம் முழுக்க அவளுக்குப் பிள்ளைகள் இல்லாத வேலைகள். சாயம் கரைத்தாள், பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் மேலங்கிகளைத் துவைத்தாள், மதியத் தூக்கத்துக்குக் கட்டில் விரித்தாள். மாடி வகுப்பில் அவளோடு படித்தவர்கள் தங்கள் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது அவளுக்குப் பேச ஒன்றும் இருக்காது. எல்லோரும் அவளிடம் மிகவும் அன்பாக இருந்தார்கள். அந்த அன்புதான் தாங்கவில்லை. யாராவது ஒருவர் முகத்தைச் சுளித்திருந்தால் பதிலுக்குச் சுளித்துவிட்டுப் போயிருப்பாள்.

கூட்டங்களை வழிநடத்துகிற ஏமஸ் பென்ரோஸ் ஒருநாள் துணி உலர்த்தும் இடத்துக்கே தேடிக்கொண்டு வந்தார். போருக்குப் போக மாட்டேன் என்று மறுத்து, அதற்காகக் காட்டில் மரம் வெட்டப் போடப்பட்ட மனிதர் அவர். நல்லவர், மெதுவாகப் பேசுவார்.

“உன் சித்தப்பா பையன் நம்ம ராணுவத்துல, இத்தாலியில சண்டை போட்டான்னு ஹெஸ்டர் சொன்னாங்க,” என்றார். “அதைக் கூட்டத்துல சொன்னா லொரேனுக்கு மனசு கொஞ்சம் இளகலாம். சண்டை எனக்குப் பிடிச்ச விஷயம் இல்ல, உனக்கே தெரியும். இருந்தாலும்...”

“அவன் உயிரோட திரும்பி வந்துட்டான், ஏமஸ். லாரி ஓட்டறான்.”

“அதனால என்ன?”

“செத்திருந்தான்னா உங்களுக்கு இன்னும் வசதியா இருந்திருக்கும்.” ஒரு மேலங்கியை உதறிக் கொடியில் போட்டாள். “ஒரு பிள்ளைக்கு நான் மூக்கு துடைச்சுவிடணும்னா என் வீட்டுல யாராவது செத்திருக்கணுமா?”

ஏமஸின் முகம் சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டார். இரண்டு கவ்விகளை எடுத்து அவளுக்கு உதவியாகக் கொடியில் மாட்டினார். கோணலாக மாட்டினார். அவர் போனபின் அவள் அவற்றைச் சரிசெய்தாள்.

அது நடந்து சில நாட்களுக்குள்தான் மணல் குழியில் அந்தச் சண்டை வந்தது. விளையாட்டுச் சண்டைதான். பள்ளத்தைத் தோண்டி, பலகையைச் சாய்த்து, குச்சிகளைத் துப்பாக்கியாகப் பிடித்துக்கொண்டு நான்கைந்து பிள்ளைகள் படுத்திருந்தார்கள். படைக்குத் தலைவி வின்னி டகெட். மெலிந்த பிள்ளை, முழங்காலில் எப்போதும் ஒரு காயம் இருக்கும். சண்டை விளையாட்டைத் தடுக்கக் கூடாது, அருகில் இருந்து கவனிக்க வேண்டும், பிள்ளைகள் கூப்பிட்டால் மட்டும் உள்ளே நுழைய வேண்டும் என்று மாடியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதனால் அங்கிருந்த ஆசிரியை சற்றுத் தள்ளி உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்தாள்.

கிமியே ஈரத்துணிக் கூடையோடு அந்தப் பக்கமாகப் போனாள். வின்னி குச்சியை அவள் பக்கம் திருப்பினாள்.

“நீதான் ஜப்பான்காரி. டுமீல். நீ செத்துட்டே.”

முற்றம் சட்டென்று அடங்கியது. ஆசிரியை பாதி எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றாள். மற்றப் பிள்ளைகள் பெரியவர்களின் முகத்தைப் பார்த்தார்கள்.

கிமியேயை நோக்கி இந்த வார்த்தையைப் பலர் பல தொனியில் சொல்லியிருக்கிறார்கள். ரயில் நிலையத்தில், கடையில், ஒருமுறை தேவாலய வாசலில். ஆனால் இந்தப் பிள்ளையின் முகத்தில் அந்தத் தொனி எதுவும் இல்லை. அவசரம் மட்டும் இருந்தது. விளையாட்டுக்கு ஓர் ஆள் குறைகிறது, அதற்காகக் கூப்பிடுகிறாள். கூப்பிடுவது சாவதற்கு.

அவள் கூடையைக் கீழே வைத்தாள். மணலில் மண்டியிட்டு, மெல்லச் சாய்ந்து மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சின்னக் காலடி கேட்டது. மூச்சு முகத்தில் பட்டது.

“செத்துட்டியா?”

“ம்.”

ஏதோ ஒரு துணி அவள் மார்பின் மேல் விழுந்தது. கூடையிலிருந்து எடுத்த ஈர மேலங்கி. சில்லென்றிருந்தது. ஒரு சின்னக் கை அதை இழுத்து நேராக்கிவிட்டு, தூக்க நேரத்தில் ஆசிரியைகள் தட்டிக்கொடுப்பதுபோல அவள் தோளைத் தட்டிக்கொடுக்க ஆரம்பித்தது. கொஞ்சம் கழித்துத் தட்டுவது நின்றது.

“போதும், எழுந்திரு,” என்றாள் வின்னி. கிமியே எழுந்திருப்பதற்குள் குரல் உயர்ந்தது. “எழுந்திரு. எழுந்திருன்னு சொல்றேன்ல.”

கிமியே கண்ணைத் திறந்து எழுந்து உட்கார்ந்தாள். வின்னி அவள் தாடையைத் தொட்டுப் பார்த்தாள்.

“செத்தவங்க எப்ப எழுந்திருப்பாங்க?”

“விளையாட்டுல செத்தவங்க நீ சொன்னதும் எழுந்திருக்கலாம். நிஜமாச் செத்தவங்க எழுந்திருக்க மாட்டாங்க.”

“சாயங்காலமாவது?”

“சாயங்காலமும் மாட்டாங்க. அவங்க உடம்பு வேலை செய்யறது நின்னுபோயிருக்கும்.”

வின்னி யோசித்தாள். “எங்க அப்பா?”

ஒரு பிள்ளை நேராகக் கேட்டால் நேராகப் பதில் சொல்ல வேண்டும் என்று யாரும் அவளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. முகாமில் எத்தனையோ பெரியவர்கள் எத்தனையோ பிள்ளைகளிடம் அடுத்த வாரம் வீட்டுக்குப் போய்விடலாம் என்று சொல்லக் கேட்டிருக்கிறாள்.

“உங்க அப்பா நிஜமாத்தான், வின்னி.”

“ஓ,” என்றாள் வின்னி. குச்சியை எடுத்துக்கொண்டு பள்ளத்துக்குத் திரும்பிப் போனாள். பலகையை நிமிர்த்தி அதை இப்போது கடை ஆக்கிவிட்டார்கள்.

மறுநாள் காலை லொரேன் டகெட் பிள்ளையை விட வந்தவள் வாசலில் நிற்கவில்லை. வேலைக்குப் போகும் உடுப்போடு முற்றத்தைக் குறுக்காகக் கடந்து, சாயம் கரைத்துக்கொண்டிருந்த கிமியேயின் முன்னால் வந்து நின்றாள். இத்தனை மாதத்தில் அவளிடம் லொரேன் பேசியது அதுதான் முதல்முறை.

“என் புருஷன் செத்ததை என் பிள்ளைக்கு நீ சொல்றியா? நீ?”

கிமியேக்கு அப்போதுதான் புரிந்தது. வெஸ்லி டகெட் இறந்தது பள்ளியில் எல்லோருக்கும் தெரியும், அவன் மகளைத் தவிர. அப்பா கடலுக்கு அப்பால் இருக்கிறார், கப்பல் கிடைத்ததும் வருவார் என்று லொரேன் பிள்ளையிடம் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள். சொல்லக்கூடிய எதுவும் அந்தப் பெண்ணின் முகத்துக்கு முன்னால் நிற்காது என்று கிமியேக்குத் தோன்றியது. லொரேன் திரும்பி நடந்தாள். வின்னியை அழைத்துக்கொண்டு போகவும் அவளால் முடியவில்லை. போர்க்காலத்தில் அரசாங்கம் நடத்திய பிள்ளைக் காப்பகங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவந்ததால் பிள்ளையை விட வேறு இடம் இல்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது. வேலியோரம் ஒரு நிமிஷம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

அந்த ஞாயிறு மதியம் கூட்டம். இந்த முறை தானும் வருவேன் என்று கிமியே ஹெஸ்டரிடம் சொல்லியிருந்தாள்.

பெரிய அறையில் பிள்ளைகளின் நாற்காலிகள்தான் இருந்தன. பெரியவர்கள் அவற்றிலேயே உட்கார்ந்திருந்தார்கள், முழங்கால்கள் மார்புக்கு நேராக. வேறு ஒரு நாளாயிருந்தால் யாராவது சிரித்திருப்பார்கள். ஏமஸ் கண்ணை மூடினார். மௌனம் அறையை நிரப்பியது. குவேக்கர்களுக்கு அது பழகிய தண்ணீர் மாதிரி, அமிழ்ந்துவிடுவார்கள். லொரேன் கைப்பையின் பிடியை இறுகப் பற்றிக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். அவளும் குவேக்கர் இல்லை. அந்த அறையில் கண்ணைத் திறந்து வைத்திருந்தவர்கள் அவளும் கிமியேயும் மட்டும்தான்.

முதலில் எழுந்தது லொரேன். அவள் அதிகம் பேசவில்லை. என்றைக்காவது ஒருநாள் பிள்ளையை மடியில் வைத்து அதைச் சொல்ல வேண்டும் என்று இருந்ததாகவும், அதற்கான தைரியத்தைச் சேர்த்துக்கொண்டிருந்ததாகவும், அது தன்னிடமிருந்து எடுக்கப்பட்டுவிட்டதாகவும் சொன்னாள். எடுத்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும் என்று சொல்லி உட்கார்ந்தாள்.

பிறகு கிமியே எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது.

“அதைச் சொல்ல வேண்டியவங்க நீங்க. உங்ககிட்ட இருந்து அதை நான் எடுத்தது தப்பு. எனக்குத் தெரியாதுங்கறதால அது தப்பில்லாம போயிடாது. மன்னிச்சுக்கங்க.” லொரேனைப் பார்த்தே பேசினாள். “ஆனா அவ கேட்டப்ப பொய் சொல்லியிருக்கணும்னு நீங்க சொன்னா, அது என்னால முடிஞ்சிருக்காது.”

பிறகு வட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

“உங்க எல்லார்கிட்டயும் ஒண்ணு கேக்கணும். இவங்க வேண்டாம்னு நேரா சொன்னாங்க. நீங்க யாரும் வேணும்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. காத்திருன்னு சொன்னீங்க. மூணு வருஷம் வேலிக்குள்ள எங்களை வெச்சிருந்தவங்களும் அதையேதான் சொன்னாங்க, இதே மாதிரி மரியாதையா. உங்க மௌனம் உங்களுக்கு நிம்மதி. எனக்கு அது இன்னொரு வரிசை. இன்னிக்கு முடிவு சொல்லுங்க. வேண்டாம்னாலும் பரவாயில்ல, சொல்லிடுங்க. நான் வேற இடம் பாத்துக்கறேன்.”

ஏமஸ் தலைகுனிந்திருந்தார். ஹெஸ்டரின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது, அவர் துடைக்கவில்லை. மறுபடியும் மௌனம். ஆனால் இந்த மௌனத்தில் யாரும் சுகமாக இல்லை. சின்ன நாற்காலிகள் கிறீச்சிட்டன.

கடைசியில் பேச்சு எழுந்தது யாரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து. லொரேன் உட்கார்ந்தபடியே கேட்டாள்.

“நீங்க செத்த மாதிரி படுத்திருந்தப்ப அவ என்ன செஞ்சா?”

கிமியே சொன்னாள். ஈரத்துணியைப் போர்த்தியதை, தட்டிக்கொடுத்ததை, எழுந்திரு எழுந்திரு என்று சொன்னபோது குரல் ஏறியதை. எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

லொரேன் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். பிறகு, “வீட்டுலயும் அதேதான்,” என்றாள். “என்னைப் படுக்கச் சொன்னா. எழுந்திருன்னா. திரும்பப் படுக்கச் சொன்னா. எத்தனை தடவைன்னு தெரியாது. கடைசியில அப்படியே அவளைக் கட்டிக்கிட்டு நான் சொல்லிட்டேன். ஆமாம் கண்ணு, அப்பா வரமாட்டாருன்னு. அவ அழல. நான்தான் அழுதேன். அவ எனக்குத் தட்டிக்குடுத்தா.”

அவள் கைப்பையைத் திறந்து கைக்குட்டையைத் தேடினாள், கிடைக்கவில்லை, மூடினாள்.

“எனக்குச் சம்மதம் இல்ல. இன்னிக்கும் இல்ல. தினம் இவங்க கையில என் பிள்ளைய என்னால குடுக்க முடியாது, வின்னி வேற குழுவுல இருக்கட்டும். ஆனா இவங்களுக்குப் பிள்ளைகளைத் தெரியாதுன்னு என்னால சொல்ல முடியல. நான் குறுக்கே நிக்க மாட்டேன்.”

ஏமஸ் எழுந்து, காத்திருக்க வைத்தது எங்கள் கோழைத்தனம், அதற்கு மௌனம் என்று பெயர் வைத்துக்கொண்டோம் என்று கிமியேயிடம் சொன்னார். அடுத்த திங்கட்கிழமை முதல் அவளுக்குக் குழு உண்டு என்று சொன்னார். வட்டத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தலையசைத்தார்கள். லொரேன் தலையசைக்கவில்லை. யாருக்காகவும் காத்திராமல் கிளம்பிப் போனாள்.

அப்பாவிடம் சொன்னபோது அவர், “அந்த அம்மா நேரான ஆளு,” என்றார்.

கிமியே அந்த வருடம் நன்றாக உழைத்தாள். அவள் குழுவில் ஏழு பிள்ளைகள். அவர்களில் ஒருவன் கடிப்பவன். அவனைப் பற்றி அவள் மாடி வகுப்பில் பேசாத நாளே இல்லை என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். படிப்பு முடிந்ததும் ஹெஸ்டர் அவளை அங்கேயே ஆசிரியையாக வைத்துக்கொண்டார். லொரேன் பிள்ளையைக் கொண்டுவந்து விடும்போதெல்லாம் இருவரும் தூரத்திலேயே இருந்தார்கள். வின்னி மட்டும் நினைத்தபோது கிமியேயின் குழுவுக்குள் நுழைந்துவிட்டு, நினைத்தபோது போய்விடுவாள். அவளை யாரும் தடுக்கவில்லை.

அடுத்த இலையுதிர்காலத்தில், ஹவாயில் புதைக்கப்பட்டிருந்த வீரர்களின் உடல்களைத் தோண்டி எடுத்துக் கப்பலில் ஊருக்குக் கொண்டுவரத் தொடங்கினார்கள். அவர்களில் வெஸ்லி டகெட்டும் ஒருவன். பேக்கர்ஸ்ஃபீல்டில் அவன் அம்மா இருந்தாள். அங்கேதான் மறு அடக்கம் என்று முடிவாயிற்று.

ஒரு மதியம் லொரேன் சீக்கிரமாக வந்தாள். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஹெஸ்டர் அலுவலறையில் இருந்தார். அவரைக் கடந்து வந்து, கட்டில்களுக்கு நடுவே உட்கார்ந்து ஒரு பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்த கிமியேயின் பக்கத்தில் லொரேன் குனிந்தாள்.

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்,” என்றாள் தணிந்த குரலில். “சிநேகமா வரல. விஷயம் தெரிஞ்சவங்ககிட்ட கேக்கணும்னு வந்தேன்.”

இருவரும் சமையலறைக்குப் போனார்கள். லொரேன் உட்காராமலே சொன்னாள். அப்பா கப்பலில் வருவார் என்று இரண்டு வருடம் பொய் சொன்னேன், பிறகு வரமாட்டார் என்று சொன்னேன், இப்போது நிஜமாகவே கப்பலில் வருகிறார், இதை அந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? மாமியார் பிள்ளையைக் கொண்டுவரவே வேண்டாம் என்கிறாள். அழைத்துப் போவதா, விட்டுவிட்டுப் போவதா?

கிமியே முதலில், வின்னி என்ன சாப்பிடுகிறாள், எப்படித் தூங்குகிறாள், அப்பாவைப் பற்றி இப்போது என்ன கேட்கிறாள் என்று விசாரித்தாள். பிறகு, கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள். போவதற்கு முன்னால் அங்கே என்னவெல்லாம் இருக்கும் என்று வரிசையாகச் சொல்லிவிடுங்கள். பெட்டி இருக்கும், கொடி இருக்கும், துப்பாக்கியால் வானத்தைப் பார்த்துச் சுடுவார்கள், அந்தச் சத்தம் பெரிதாக இருக்கும். பெட்டியைத் திறக்க மாட்டார்கள். பெரியவர்கள் அழுவார்கள், அது அவள் ஏதோ செய்ததால் அல்ல. அதிகம் அழாத ஒருவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், அவள் போதும் என்றால் வெளியே கூட்டிப்போக வேண்டும்.

“அதுக்கு நீங்க அங்க வர முடியாது,” என்றாள் லொரேன். சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். “அவரோட அம்மா... அங்க இருக்கறவங்க...”

“தெரியும். நான் அதைக் கேக்கல. உங்க தங்கச்சி இருக்காங்களே, அவங்ககிட்ட சொல்லுங்க.”

லொரேன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். “சொல்லும்போது மட்டும் கூட இருப்பீங்களா? இங்கேயே. நான் ஏதாவது தப்பா சொல்லிட்டா...”

தூங்கி எழுந்த வின்னியைச் சமையலறைக்கு அழைத்து வந்தார்கள். கன்னத்தில் தலையணைக் கோடு. ஒரு குவளை பாலும் உப்பு பிஸ்கட்டும் அவள் முன்னால் இருந்தன. லொரேன் மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள். கிமியே சற்றுத் தள்ளி, மேசையின் மூலையில்.

லொரேன் ஆரம்பித்தாள். அப்பா செத்துப்போனார் இல்லையா, அவர் உடம்பை இப்போது ஊருக்குக் கொண்டுவருகிறார்கள் என்றாள். அவர் தூங்கிக்கொண்டு என்று தொடங்கியபோது கிமியே விரலை மேசையில் லேசாக வைத்தாள், லொரேன் நிறுத்தி, இல்லை, தூங்கவில்லை, செத்துத்தான் போயிருக்கிறார் என்று திருத்திச் சொன்னாள். பெட்டியை, கொடியை, துப்பாக்கிச் சத்தத்தை எல்லாம் சொல்லி முடித்தாள்.

வின்னி பிஸ்கட்டின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றிக் கடித்தாள்.

“பெட்டிக்குள்ள அப்பாவுக்குக் குளிருமா?”

லொரேன் திரும்பி கிமியேயைப் பார்த்தாள். கிமியேக்கு அந்தப் பதில் நாக்கு நுனியில் இருந்தது. அவள் பேசவில்லை. பார்வையையும் விலக்கிக்கொள்ளாமல், நீங்களே சொல்லுங்கள் என்பதுபோல உட்கார்ந்திருந்தாள்.

“குளிராது கண்ணு,” என்றாள் லொரேன். “செத்துப்போனவங்களுக்குக் குளிர் தெரியாது. வலியும் தெரியாது.”

“உனக்குக் குளிருமா, அங்க?”

“எனக்குக் குளிரலாம்.”

“அப்ப நீ கோட்டு எடுத்துக்கோ,” என்றாள் வின்னி. பாலைக் குடித்து முடித்துவிட்டு, தான் விட்டுவிட்டு வந்த பொம்மை வண்டியை வேறு யாராவது எடுத்துவிடப் போகிறார்கள் என்று முற்றத்துக்கு ஓடினாள்.

லொரேன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கிமியே எழுந்து போகவில்லை, தொடவும் இல்லை. முற்றத்தில் பிள்ளைகள் கத்தும் சத்தம் வந்தது. பிறகு லொரேன் முகத்தைக் கழுவிக்கொண்டு, “நன்றி, கிமியே,” என்றாள். அந்தப் பெயரை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. ஸிகமோர் ஹவுஸில் எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், அதில் விசேஷம் ஒன்றும் இல்லை.

அந்த வாரம் அவர்கள் பேக்கர்ஸ்ஃபீல்டுக்குப் போனார்கள். திரும்பி வந்த வின்னி, துப்பாக்கிச் சத்தம் ரொம்பப் பெரிசு, நான் காதைப் பொத்திக்கொள்ளவில்லை என்று தன் குழுவில் எல்லோரிடமும் சொன்னாள். அவர்கள் அதைப் பற்றி நிறையக் கேள்வி கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் அவளே பதில் சொன்னாள்.

அடுத்த வருடம் வின்னி பெரிய பள்ளிக்குப் போய்விட்டாள். லொரேனும் கிமியேயும் சிநேகிதிகள் ஆகவில்லை. எப்போதாவது கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் நின்று, வின்னி எப்படி இருக்கிறாள் என்று கிமியே கேட்பாள், லொரேன் சொல்வாள், இருவரும் தங்கள் வழியே போவார்கள். கிமியே அதே வீட்டின் மாடியில் பின்னால் பல வருடம் பாடம் நடத்தினாள். சாவைப் பற்றிப் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது என்று மாணவிகள் கேட்கும்போது, அந்த வீட்டில் சொல்ல வேண்டியவர் யார் என்று முதலில் விசாரியுங்கள் என்பாள். விசாரிக்க நேரமில்லாமல் பிள்ளை கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று யாராவது ஒருத்தி தவறாமல் கேட்பாள். அதற்கு அவள், “அப்ப உண்மையைச் சொல்லிடுங்க. சொல்லிட்டு மறுநாள் காலையில வாசல்ல போய் நில்லுங்க, அவங்க அம்மா வருவாங்க,” என்பாள்.